மூன்று ரேஞ்ச்ஃபைண்டர்களும் ஒரு சுவரும்

1

இது கதையாகப் பிறந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேமராக்களைப் பற்றிய ஒப்பீட்டுக் கட்டுரையாகப் பிறந்து, வளர்ந்து, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு இங்கே வந்து நிற்கிறது.

விழுப்புரத்தில் ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் மொத்தம் நான்கு பேர். அதில் இரண்டு பேர் அதை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமவர் மாரியப்பன். எங்கள் நால்வருக்காக அவர் ஒரு பத்திரிகை நடத்துகிறார். [எட்டுப் பக்கம். ஜெராக்ஸ். எட்டாம் பக்கம் எப்போதும் காலி.]

"அகலமா புடிக்கிற லென்சு போடறதுக்கு எந்த ரேஞ்ச்ஃபைண்டர் தோது? உங்ககிட்டதான் மூணு இருக்குதே, ஒப்பிட்டு எழுதிக் குடுங்க கார்டு சார்" என்றார்.

நான் சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, எல்லாம் போன பிறகு மிச்சமிருப்பதைப் பார்ப்பது என் உத்தியோகம். எழுதிக் கொடுத்தேன். மாரியப்பன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா சார் இது? மூணுலயே இதுக்கு லாயக்கில்லாதது எதுவோ அதுக்கே முதல் பரிசு குடுத்துட்டீங்க?"

"ஆமா."

"காரணம் எழுதலியே."

"காரணம் திண்டிவனத்துல இருக்குது."

"அப்பனா அதக் கதையா எழுதிக்குங்க. எனக்கு வேணாம்."

ஆகவே கதை.

2

கேமராவைத் தொட்டே பார்க்காத வாசகருக்குச் சில வரிகள். (தொட்டவர்கள் நேராக மூன்றாம் பகுதிக்குப் போகலாம்.)

கைபேசியில் திரையில் தெரிவதுதான் படம். ரேஞ்ச்ஃபைண்டர் என்ற பழைய வகை ஃபிலிம் கேமராவில் அப்படியில்லை. பார்ப்பதற்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், பிடிப்பதற்கு நடுவில் லென்ஸ். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஜன்னல் தனக்குத் தெரிந்ததைக் காட்டும். லென்ஸ் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும். கெடாரில் ஒரு கல்யாணத்தை முழுக்க இப்படி மூடியோடு எடுத்தவரை எனக்குத் தெரியும். கறுப்புப் படங்களை ஆல்பத்தில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை அதில் நன்றாக விழுந்திருப்பதாக இன்றும் சொல்கிறார்கள்.

லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண் குறையக் குறைய அகலம் கூடும். ஐம்பது, எதிரே நிற்பவரைப் பார்க்கும். இருபத்தெட்டு, அவர் வீட்டையும் பார்க்கும். இருபத்தொன்று பக்கத்து வீட்டையும் சேர்த்துப் பார்த்துவிடும். என்னிடம் இருப்பது இருபத்தொன்று. மூன்று கேமராவிலும் மாற்றி மாற்றிப் போடலாம். இரண்டுக்கு மட்டும் இடையில் ஒரு வளையம் தேவைப்படும்.

நல்ல கேமராவின் ஜன்னலில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். கோட்டுக்கு உள்ளே இருப்பது படத்தில் வரும், வெளியே இருப்பது வராது என்று பொருள். எழுத்தில் அடைப்புக்குறி மாதிரி. [நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.]

3

எப்படித் தொடங்குவது?

முயற்சி ஒன்று: "திண்டிவனத்தின் மாலை வெயில் அந்தப் பழைய ஓட்டு வீட்டின் மேல் பொன்னிறமாக" (நிறுத்தம். படம் எடுத்தது காலையில். வீடு தளம் போட்ட வீடு.)

முயற்சி இரண்டு: "உடன்பிறந்தவர்களுக்குள் பகை வந்துவிட்டால்" (இதற்கு மேல் போனால் பாடப்புத்தகத்தில் சேர்த்துவிடுவார்கள்.)

முயற்சி மூன்று: இருதயசெல்வி சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி நீட்டிய டீ டம்ளரை வாங்கப் போய், டம்ளருக்குப் பக்கத்திலிருந்த காற்றைப் பிடித்தார்.

இதுவே இருக்கட்டும்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி அல்ல, நர்ஸ். என் மனைவி அம்சவள்ளியும் அவரும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சிஸ்டருக்குச் சொந்த ஊர் திண்டிவனம்.

"இன்னாடி ஆச்சு கண்ணுக்கு?" என்றாள் அம்சவள்ளி.

"உள்ள பிரஷர் ஏறிப்போச்சு. ஓரத்துலருந்து சாவுது. நேரா பாத்தா தெரியும், பக்கத்துல ஒண்ணுமே இல்ல. பைப்பு வழியா பாக்கறா மாதிரி."

"மருந்து?"

"போனது வராது. இருக்கிறது எவ்ளோ நாளைக்குன்னு கேட்டா டாக்டரு ஃபேனப் பாக்கறாரு. நானும் எத்தினி பேரு கிட்ட அந்த மாதிரி ஃபேனப் பாத்திருக்கேன்." டீயைக் குடித்து முடித்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பித் தேடிப் பிடித்தார். "அண்ணே, என் தம்பிங்க ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்கணும். ஒரே போட்டோவுல. இருக்கிற கண்ணு போறதுக்குள்ள."

"இவருகிட்டயா கேக்கற?" என்றாள் அம்சவள்ளி. "இவரு எடுத்த போட்டோவுல எனக்கு மூணு காது."

"மூணாவது காது ஜன்னல் கொக்கி" என்றேன். யாரும் கேட்கவில்லை.

4

தம்பிகள் இருவர். மூத்தவர் அருள்நாதன், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். இளையவர் அந்தோணிசாமி, தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். அப்பா கட்டிய வீட்டில் ஆளுக்குப் பாதி. பாதிக்கு நடுவே, முன்வாசலில், நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். சுவர் தெருவரைக்கும் வந்து முடிகிறது. முடிகிற இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கேட்டு, அந்தப் பக்கம் ஒரு கேட்டு. அக்கா எந்தப் பாதியில் தங்கினாலும் மறுபாதிக்கு விரோதியாகிவிடுவார் என்பதால் அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கிறார்.

(ஒரு வரைவில் அந்தோணிசாமியை நீக்கிப் பார்த்தேன். ஆட்கள் குறைந்தால் கதைக்கு நல்லது என்பார்கள். அவரை எடுத்ததும் சுவர் அருள்நாதன் பக்கம் சாய்ந்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினேன்.)

சண்டைக்குக் காரணம் கிறிஸ்துமஸ் ஸ்டார். அப்பா இருந்தவரை முகப்பின் நடுவில் ஒரே ஸ்டார். அவர் போனபின் வீட்டைப் பாதியாக்க முடிந்தது, ஸ்டாரைப் பாதியாக்க முடியவில்லை. அது நடுவிலேயே தொங்கியது. கரண்ட் அண்ணன் வீட்டு மீட்டரிலிருந்து வந்தது. பல்பு தம்பி வாங்கியது. ஒரு டிசம்பரில் அருள்நாதன் தெருவைப் பார்த்து, "என் கரண்ட்டுல எவன் எவனுக்கோ இயேசு பொறக்கறாரு" என்றார். அந்தோணிசாமி ஏணி வைத்து ஏறி, பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஈஸ்டருக்குள் சுவர் எழும்பிவிட்டது.

இப்போது இரண்டு ஸ்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு இரண்டும் பெருத்துக்கொண்டு வருகின்றன. போன கிறிஸ்துமஸுக்கு அந்தோணிசாமி கட்டிய ஸ்டாரைப் பார்த்துவிட்டு, மயிலம் பக்கத்திலிருந்து ஒரு ஆட்டுக்காரர் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பேச்சைக் கிளப்பியது நான்தான். ஆனாலும் ஸ்டார் அந்த அளவுக்கு இருந்தது.

சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் அண்ணன் மேடையை விட்டு இறங்கினால்தான் தம்பி ஏறுவார். அதோடு விடுவதில்லை. எடுத்து முடித்ததும் கேமராக்காரரிடம் போய்த் திரையை வாங்கிப் பார்ப்பார்கள். மூலையில் மற்றவரின் வேட்டி நுனி தெரிந்தாலும் அழிக்கச் சொல்வார்கள். அந்தச் சொந்தத்தில் எல்லாக் கேமராக்காரர்களுக்கும் இது பழகிவிட்டது. பந்தியில் இடம் பிடிப்பது போல இதுவும் ஒரு முறையாகிவிட்டது.

ஆக, திரை இருக்கிற எந்தக் கருவியும் உதவாது. திரை உண்மையைச் சொல்லிவிடும். பார்க்கும்போது தம்பிகள் தெரியக்கூடாது, படத்தில் மட்டும் விழ வேண்டும்.

5

ஒப்பீடு. (மாரியப்பன் நிராகரித்த பகுதி. ஒரு வரியும் மாற்றவில்லை.)

சோதனை செய்த இடம்: என் வீட்டு முன்வாசல். நடுவில் ஒரு ஸ்டூல். அது அக்கா. இடக்கோடியில் கேஸ் சிலிண்டர், வலக்கோடியில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை. அவை தம்பிகள். மூன்று கேமராவிலும் இருபத்தொன்று லென்ஸைப் போட்டு, அம்சவள்ளியை ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

முதலாவது பெஸ்ஸா ஆர்4எம். ஜப்பான். கோட்டக்குப்பத்தில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் இதைத் தையல் மெஷின் உதிரி பாகம் என்று நினைத்து வைத்திருந்தார். ஜன்னலிலேயே இருபத்தொன்றுக்குக் கோடு உண்டு. இப்படி ஒரு வசதி ரேஞ்ச்ஃபைண்டர்களில் அபூர்வம்.

"இன்னா தெரியுது?"

"சிலிண்டரு, ஸ்டூலு, மூட்ட. மூட்டைய எலி கடிச்சிருக்குது, அதுவும் தெரியுது."

நாணயமான கேமரா. நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது லைக்கா எம்6. ஜெர்மனி. இரும்பை என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரர், இனி உலகப் பொருள் எதுவும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார். மறுவாரம் லென்ஸை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஜன்னலில் இருபத்தெட்டு வரைக்கும்தான் கோடு. அதற்குமேல் அகலம் வேண்டுமென்றால் தலையில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

"ஸ்டூலு. ஓரத்துல சிலிண்டரு கைப்பிடி கொஞ்சம் தெரியுது."

கைப்பிடி என்றால் அருள்நாதனின் முழங்கை. முழங்கையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதில் பகையாளிக்கு இணை கிடையாது. நிராகரிக்கப்பட்டது.

மூன்றாவது சோர்க்கி 4. ரஷ்யா. கோடே கிடையாது. ஜன்னல் ஏறக்குறைய ஐம்பதுக்கு உண்டானது. எந்த லென்ஸைப் போட்டாலும் அது அதையேதான் காட்டும். ஒருமுறை அம்சவள்ளி இதைப் பெருச்சாளி மேல் எறிந்தாள். பெருச்சாளி போய்விட்டது. கேமரா அதற்குப் பின் கொஞ்சம் அமைதியாக ஷட்டரை மூடுகிறது.

"ஸ்டூலு."

"சிலிண்டரு?"

"இல்ல."

"மூட்ட?"

"இல்லங்கறேன்ல. ஸ்டூலு மட்டும்தான். ஜல்தியா முடி, அடுப்புல கொழம்பு."

அதே நிலையில் ஒரு படம் எடுத்துக் கழுவிப் பார்த்தேன். படத்தில் சிலிண்டர் இருந்தது, மூட்டை இருந்தது. எலி கடித்த ஓட்டை இருந்தது. அகல லென்ஸில் ஓரத்தில் இருப்பது எல்லாம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும் என்பதால் சிலிண்டர் அண்டாவாகி, மூட்டை இரண்டு மூட்டையாகியிருந்தது. அது பெரிய குறையில்லை. அந்தோணிசாமி ஒல்லி.

முடிவு: அகல லென்ஸுக்கு மிகவும் உகந்த ரேஞ்ச்ஃபைண்டர் சோர்க்கி 4.

6

"கண்ணு போறதுக்கு முன்ன அப்பா வூட்டு வாசல்ல நான் மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்டா" என்று அக்கா இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தார். இருவரும் தனித்தனியாக ஒத்துக்கொண்டார்கள். நிபந்தனையும் தனித்தனியாக ஒன்றேதான்: மற்றவன் படத்தில் விழக்கூடாது.

சிஸ்டரைச் சுவர் முடியும் இடத்தில், தெருவைப் பார்த்து, சுவரின் முனைக்கு முதுகு கொடுத்து நிற்க வைத்தேன். எதிர்வீட்டு மதிலில் என் முதுகு ஒட்டியது. அதற்குமேல் பின்னால் போக இடமில்லை. தெரு அவ்வளவுதான்.

முதலில் அருள்நாதன் வந்தார்.

"அக்கா மட்டும்தானே கார்டு சார்?"

"அக்கா மட்டும்தான்."

"அந்தப் பக்கத்துலருந்து எவனாவது தலைய நீட்னா?"

"நீங்களே பாத்துக்குங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"அவன் கேட்டு தெரில."

"தெரியாது."

"என் கேட்டும் தெரில."

"நீங்க வேணாம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. வேணாம். நான் எதுக்கு அதுல?" கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். போகாமல் நின்றார். பிறகு போனார்.

அடுத்து அந்தோணிசாமி. அவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கு முன்னால் கேமராவையே பார்த்தார். மோட்டார்காரர் கண்.

"இன்னா சார் இது, பாக்கறது ஒரு எடம், புடிக்கிறது ஒரு எடம்?"

"ரஷ்யாவுல எடம் ஜாஸ்தி. எதையும் தள்ளித் தள்ளித்தான் வைப்பாங்க."

"லென்சுல இருபத்தொண்ணுன்னு போட்டிருக்குதே?"

"அதுக்கு வயசு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜன்னல் வழியாகவும் பார்த்தார். "அவன் இல்ல" என்றார். பிறகு, "சரி, எடுங்க. நான் என் கேட்டாண்ட நின்னு சும்மா வேடிக்கை பாக்கறேன்" என்றார்.

"அங்கேயே நில்லுங்க. கிட்ட வந்துடாதீங்க."

"நான் ஏன் சார் கிட்ட வர்றேன்?"

தூரத்தை முன்பே சரி செய்து வைத்திருந்தேன். இருபத்தொன்றில் அது ஒரு சௌகரியம். வெயில் இருந்தால் கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே மாதிரி தெளிவாக விழும். கேமராவைத் தூக்கினேன். ஜன்னலில் சிஸ்டர் மட்டும் இருந்தார். பழக்கதோஷத்தால் கேமராவுக்கு மேலே தலையை நீட்டி வெறும் கண்ணால் ஒரு தடவை பார்த்தேன்.

இதைத்தான் நான் கட்டுரையில் எழுதவில்லை. இடது கேட்டில் அருள்நாதன், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், பனியன் தெரியாமல் மேல் பித்தானையும் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். வலது கேட்டில் அந்தோணிசாமி தன் ஸ்கூட்டர் கண்ணாடியில் குனிந்து தலை சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்துச் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

படத்தில் இல்லாத ஒருவர் எதற்குத் தலை சீவ வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. கதாபாத்திரங்கள் சொல்லாமல் செய்யும் காரியத்துக்கு எழுத்தாளன் பொறுப்பல்ல.

சிஸ்டருக்கு இருபுறமும் ஒன்றுமே தெரியாது. நேராக என்னைப் பார்த்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்:

"ரெண்டு பேரும் கம்முனு நில்லுங்கடா. என் போட்டோ ஆடிடப் போவுது."

ரெண்டு பேரும் ஆடாமல் நின்றார்கள். அழுத்தினேன்.

7

முடிவுகள்.

அ. ரயிலில் விழுப்புரம் திரும்பும்போது, லென்ஸை மூடி வைக்கலாம் என்று பையைத் துழாவினேன். மூடி பையில் இல்லை. லென்ஸில் இருந்தது. (இது கச்சிதமான முடிவு. அடுத்தவருக்குப் பொய் ஜன்னல் காட்டியவனுக்கும் அதே ஜன்னல் பொய் சொல்லிவிட்டது என்று இரண்டு பத்தி எழுதலாம். எழுதியும் பார்த்தேன். அம்சவள்ளி படித்துவிட்டு, "பாவி, அவ கண்ணு போவுது, உனுக்கு இன்னா வெளையாட்டு?" என்றாள். நீக்கிவிட்டேன். மூடி என் சட்டைப் பையில்தான் இருந்தது.)

ஆ. படம் வந்தது. தம்பிகள் பார்த்தார்கள், சுவரை இடித்தார்கள், நடுவில் ஒரே ஸ்டார். (சுவரை இடிக்கக் கொத்தனார் வேண்டும். இந்தக் கதையில் கொத்தனார் இல்லை.)

இ. நடந்தது.

எங்கள் குளியலறையில் ஃபிலிமைக் கழுவினேன். மூன்று பேரும் இருந்தார்கள். காலண்டர் அளவுக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சுருட்டி, திண்டிவனம் எடுத்துப்போய் சிஸ்டர் கையில் கொடுத்தேன்.

விரித்துப் பிடித்தார். முகத்தை இடப்பக்கம் கொண்டுபோனார். "அருளு" என்றார். அப்படியே நகர்த்தி வலப்பக்கம் வந்தார். "அந்தோணி. இன்னாடா இப்டி குண்டாயிட்டான்." மறுபடி இடப்பக்கம் போனார். மறுபடி வலப்பக்கம். பிறகு படத்தை மடியில் வைத்துவிட்டார்.

"பெருசா போட்டுட்டீங்க அண்ணே. இதுலயும் ஒருத்தனப் பாத்தா இன்னொருத்தன் இல்ல. தெருவுல இருக்கறா மாதிரியேதான் இருக்குது."

அகல லென்ஸ்களைப் பற்றி நான் படித்த எதிலும் இது இல்லை. எடுப்பது எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் இருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்குள் அது நுழைய வேண்டும். விழுப்புரம் போய்த் தீப்பெட்டி அளவில் ஒன்று போட்டுக்கொண்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பி வந்தேன்.

கையை நன்றாக நீட்டி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை முகம் நகரவில்லை.

"ரெண்டு பேரும் இருக்கானுவ" என்றார்.

"ம்."

"நடுவுல நானு."

"ம்."

படத்தின் நடுவில் விரலை வைத்தார். "சுவரு எங்க அண்ணே? எடுத்துட்டீங்களா?"

"நான் எதையும் எடுக்கல சிஸ்டர். நீங்கதான் முன்னாடி நின்னு மறைச்சிக்கினு இருக்கீங்க."

சிஸ்டர் சிரித்தார். உடனே கைபேசியை எடுத்து இரண்டு தம்பிகளுக்கும், ஒருவருக்குப் பின் ஒருவராக, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "போட்டோ வந்திருக்குது, ஒடனே வா."

"பேஜாரு ஆவப்போவுது சிஸ்டர்" என்றேன். "கையில குடுத்தா எவனாவது கிழிச்சிடுவான்."

"கையில யாரு குடுக்கறா? நான்தான் புடிச்சிக்கினு இருப்பேன்."

சிஸ்டரின் வாடகை வீட்டுக்கு ஒரே வாசல். அவர் உள்ளங்கையில் இருப்பது தீப்பெட்டி அளவுப் படம். அதை ஒருவர் பார்க்கலாம். இருவர் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டுமென்றால் தலையோடு தலை ஒட்டியாக வேண்டும். வேறு வழி கிடையாது. ஒருவர் பார்க்கும்வரை மற்றவர் தெருவில் காத்திருக்கலாம் என்பதும் உண்டு. கல்யாண மேடையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

தெருவில் செருப்புச் சத்தம். கூடவே ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம்.

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். ரயில் கார்டு வேலையே அதுதான், கடைசிப் பெட்டியோடு நின்றுகொள்வது. முன்னால் என்ன நடந்தது என்று மாரியப்பன் கேட்டார். அம்சவள்ளி கேட்டாள். சொல்வதற்கில்லை.

மிச்சத்தை நீங்கள் எடுங்கள். வாசல் அதோ இருக்கிறது, வெளிச்சம் போதும். தூரம் சரி செய்து வைத்திருக்கிறேன், தொட வேண்டாம். ஜன்னலில் தெரிவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.